துயரத்துக்கு ஓர் ஒத்திகை அறை

இலங்கையின் வடகரையோர மக்கள் நோர்வே என்ற பெயரைக் கேள்விப்பட்டது 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்கு வெகுகாலம் முன்பு. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் அங்கே போய்ச் சேர்ந்தார்; மீன்பிடித் தொழிலைக் கற்றார். நோர்வேக்காரரின் நிதியுதவியோடு 1960களின் பிற்பகுதியில் அவர் தொடக்கிவைத்த சீ-நோர் நிறுவனம் படகும் வலையும் செய்து வடபகுதிக் கடற்றொழிலில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்தது. பின்னர் 1980களில் போருக்குத் தப்பிய தமிழர் பலர் நோர்வேயின் வடகோடி மீன்பிடி ஊர்களுக்கு மீன் பதனிடும் வேலைக்குப் போனார்கள். படகு, வலை, மீன், சமாதானப் பேச்சு என்று நீளும் இந்த உறவில் இசைக்கு இடமிருந்ததில்லை. அதே நோர்வேயில் 1990களின் முற்பாதியில் டூம் மெற்றல் என்ற துயர இசை தழைத்தது. அதே ஆண்டுகளில் மன்னார்த் தீவும் எதிரே கிடக்கும் பெருநிலப்பரப்பும் பட்ட பாட்டுக்கு அளவில்லை. நோர்வேயில் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள் சாவையும் பிரிவையும் பாடுவதற்கென்றே குழு அமைத்தார்கள். இங்கே சாவும் பிரிவும் வாசற்படியில் வந்து நின்றும் அப்படியொரு குழு பெயர் பெறவில்லை. ஏன் என்று கேட்டால் வாயில் முதலில் வரும் விடைகள் தவறானவை. குளிரும் துயரமும் இசைக்குழுவைப் பெற்றெடுப்பதில்லை. ஊர் தன் பிள்ளைகளுக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டு, அதன் பிறகு அவர்களைத் தம்பாட்டில் விடும்போதுதான் அது பிறக்கிறது.

டூம் மெற்றல் என்பதை அறியாத வாசகருக்கு இரண்டு சொல். கிற்றாரின் சுருதியை வழக்கத்துக்குக் கீழே இறக்கி, தாளத்தை நடையிலும் மந்தமாக்கி, ஒரே கனத்த இசைத்தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதன் மேல் இழப்பைப் பாடுவது அது. இதன் மூலம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரம். அங்கே உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்த டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையனின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் வெட்டியது. நரம்பை அழுத்த வலித்ததால் அவர் மெல்லிய நரம்புகளைக் கட்டினார். பின்னர் சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சபத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970இல் வந்தது. ஸ்டொக்ஹோமின் கண்டில்மாஸ் குழு 1986இல் இந்த நடைக்குப் பெயரும் இலக்கணமும் தேடித் தந்தது. அதன் பிறகு வட இங்கிலாந்தின் பரடைஸ் லொஸ்ற், மை டையிங் பிரைட், அனத்தீமா என்ற மூன்று குழுக்கள் அதற்குள் உறுமல் குரலைக் கொண்டுவந்தன.

நோர்வே இந்த வரிசையில் பிந்தி வந்த நாடு. வந்தபோது வேகமாக வந்தது. ஒஸ்லோவுக்கு அருகே, ஒருகாலத்தில் மரமும் காகிதமும் பிழைப்பாக இருந்த ட்ராமன் நகரில் 1991இல் ஃபியூனரல் குழு உருவானது. 1993இல் ‘ட்ரிஸ்டெஸ்’ என்ற மாதிரி ஒலிநாடா, 1995இல் ‘ட்ராஜெடீஸ்’ என்ற முதல் தொகுப்பு. சவ ஊர்வலத்திலும் மெதுவாக நடக்கும் அந்த இசை, பின்லாந்தின் தெர்கொதொன் குழுவினுடையதோடு சேர்த்து, ஒரு தனிக் கிளையின் தொடக்கமாக இன்று எண்ணப்படுகிறது. ட்ரொண்ட்ஹைம் நகரின் ‘த தேர்ட் அன்ட் த மோர்ட்டல்’ 1994இல் ஒரு சிறு தட்டையும் ஒரு முழுத் தொகுப்பையும் ஒரே ஆண்டில் வெளியிட்டது. பாடியவர் காரி ரூஸ்லோட்டன். ஸ்ராவங்கர் நகரில் 1993இல் கூடிய ‘தியேட்டர் ஒஃப் ட்ராஜெடி’ 1995இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் எழுதிய வரிகளை ரேமண்ட் ரோஹோனியின் உறுமலும் லிவ் கிறிஸ்டீனின் தெளிந்த குரலும் மாறி மாறிப் பாடின. நான்கு ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று நகரங்களிலிருந்து மூன்று குழுக்கள், மூன்றுக்கும் நாடு கடந்த கேட்போர். நாட்டின் சனத்தொகையோ அப்போது 45 இலட்சத்தை எட்டவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் குளிரும் இருட்டும். மாதக்கணக்கில் வெளிச்சம் குறைந்த நாட்டில் மனம் கறுக்காமல் என்ன செய்யும் என்று இசைப் பத்திரிகைகள் கேட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடும். இந்த விளக்கம் நிற்காது. ஸ்ராவங்கர் கடற்காற்றால் மிதமான குளிர் கொண்ட, மழை பெய்யும் ஊர். இதே இசையின் இன்னொரு முரட்டுக் கிளை அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் வளர்ந்தது. அங்கே வெயிலும் புழுக்கமும் மன்னாருக்குக் குறைந்தவை அல்ல. இருட்டுத்தான் காரணம் என்றால் நோர்வேயில் இந்த இசை நூறாண்டு முன்பே ஏதோ ஒரு வடிவத்தில் கிளம்பியிருக்க வேண்டும். 1990களில் ஏன் திடீரென்று? இருட்டு பழையது. புதிதாக வந்தது வேறொன்று. 1969இல் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1972இல் அரச எண்ணெய் நிறுவனம் ஸ்ராவங்கரைத் தலைமையிடமாக்கியது. தியேட்டர் ஒஃப் ட்ராஜெடி பிள்ளைகள் துயர நாடகம் எழுதியது ஐரோப்பாவின் செல்வம் கொழித்த நகரங்களில் ஒன்றில் இருந்து. அவர்களைக் கேலிசெய்ய இதைச் சொல்லவில்லை. துயர இசைக்கு எத்தனை வசதி தேவைப்படுகிறது என்பதை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த வசதி எத்தகையது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நோர்வேயில் பள்ளிக்கூடங்களில் ஊதுகுழல் வாத்தியக்குழு இருப்பது பழைய வழக்கம். மே 17 தேசிய நாளில் அவை தெருவில் அணிவகுக்கும். அதோடு உள்ளூராட்சி மன்றங்கள் பிள்ளைகளுக்கு இசைப்பள்ளி நடத்தத் தொடங்கி, 1997இல் அது சட்டப்படியான கடமையாகவே ஆனது. சட்டம் வருமுன்பே பல ஊர்களில் பள்ளி இருந்தது. ஒரு பையன் கிற்றார் வாங்குமுன் அவன் கையில் ஒரு வாத்தியம் ஏறியிருக்கும். ஒரு பெண் மேடையேறுமுன் அவள் பாடகர் குழுவில் நின்றிருப்பாள். அடுத்தது பதிவுக்கூடம். பேர்கன் நகரத்து கிரீக்ஹாலன் 1978இல் திறந்த பொது இசை மண்டபம், அந்நகர் சிம்பொனிக் குழுவின் வீடு. நோர்வேயின் மிக மூர்க்கமான பிளாக் மெற்றல் குழுக்கள், தேவாலயங்களுக்குத் தீ வைத்த கூட்டத்தோடு தொடர்புடையவை உட்பட, தங்கள் பேர்பெற்ற தொகுப்புகளைப் பதிந்தது அந்த மண்டபத்தில்தான். பதிந்தவர் ஐரிக் ஹுன்ட்வின். சமூகத்தையே எதிர்க்கிறோம் என்றவர்களும் சமூகம் கட்டிய மண்டபத்தில் நின்றே அதைச் சொன்னார்கள். டூம் குழுக்கள் தீ எதுவும் வைக்கவில்லை. அவற்றை ஏந்திய வலையும் இதே வகை. 1985இல் ஓர் இளைஞர் தொடங்கிய ‘ஸ்லேயர்’ என்ற கையச்சுப் பத்திரிகையிலிருந்து கிளைத்த சிறு நிறுவனம்தான் த தேர்ட் அன்ட் த மோர்ட்டலின் முதல் சிறு தட்டை வெளியிட்டது. தியேட்டர் ஒஃப் ட்ராஜெடி எல்லை தாண்டி சுவீடனில் பதிந்து, ஜெர்மனிய நிறுவனமொன்றில் வெளியிட்டது. ஒலிநாடாவைக் கடித உறையில் போட்டு அனுப்பினால் ஒரு வாரத்தில் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இதற்கெல்லாம் அடியில் கிடந்தது.

இனி மன்னார். 1990இல் தலைமன்னாருக்கு ஓடிய ரயில் நின்றது. தண்டவாளம் மறுபடி தலைமன்னார் இறங்குதுறையைத் தொட்டது 2015இல். அந்த 1990இலேயே ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியும் முசலியும் ஆளற்றுப்போக, புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்கள் நிறைந்தன. மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயம் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. ஏலாதவர்கள் அங்கே தங்க, துணிந்தவர்கள் இரவில் படகேறி இராமேஸ்வரம் பக்கம் போனார்கள். போனவர் எல்லாரும் கரைசேரவில்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பெருநிலப் பகுதிகளுக்குப் போகக்கூடாதென்று அரசு தடைசெய்த பொருட்களில் எரிபொருளும் பற்றரியும் இருந்தன. தீவு இராணுவத்தின் கையில், எதிர்க்கரை புலிகளின் கையில், நடுவே பாலமும் சோதனைச் சாவடியும். ஃபியூனரல் குழு தன் ஒலிநாடாவைப் பதிந்த 1993இல் மன்னார்ப் பிள்ளைகளுக்குத் துயரத்தைக் கற்பனையில் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. துயரம்தான் மூலப்பொருள் என்றால், பதியப்பட வேண்டிய ஒலிநாடா இங்கேயே பதியப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மன்னார் துயரத்தைப் பாடாமல் இருந்ததா என்ன? பாடியது, நோர்வே பாடத் தொடங்கியதற்கு இருநூறாண்டு முன்பிருந்தே பாடியது. கோவாவிலிருந்து புறப்பட்டு 1705இல் தலைமன்னாரில் கரையிறங்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் பெயரில் வழங்கும் வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இராகத்தோடு வாசிக்கப்பட்டு வருகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் ஒளிந்து திரிந்த குருவானவர்களின் சமயத்துக்குத் துக்கம் நன்றாகத் தெரியும். பேசாலையில் ஆளுயர உருவங்களைக் கொண்டு பாடுகளின் காட்சியை நடத்தும் உடக்குப் பாஸ் இருக்கிறது. எதிரே பெருநிலத்து மாதோட்டத்தின் கூத்து மரபு இன்னும் விரிந்தது: பல இரவுகள் ஆடும் நாடகம், அதைச் சுருக்கி ஓர் இரவில் முடிக்கும் வாசாப்பு, வடபாங்கு, தென்பாங்கு என்ற இரு நடைகள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பதிப்பித்த எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் இந்தக் கரையின் சொத்து. ஐரோப்பியப் பேரரசன் ஒருவனின் கதையை அண்ணாவிமார் தமிழ்ப் பாட்டாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். சாவீடுகளில் பெண்களின் ஒப்பாரி வேறு. ஆகவே மன்னாரில் துயர இசை இல்லை என்று சொல்பவர் மன்னாரை அறியாதவர்.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை முறிக்கவில்லை, கூர்மையாக்குகிறது. மன்னாரின் துயர இசைக்கு நிறுவனம் உண்டு: பங்கு, கோயில் சபை, அண்ணாவியார், கொப்பி. அந்த நிறுவனம் பாடுகிறவனுக்கு இடமும் கூட்டமும் தருகிறது; அதோடு பாட்டையும் பாத்திரத்தையும் நாளையும் தானே தீர்மானித்துத் தருகிறது. பெரிய வெள்ளியில் யாருடைய சாவுக்காக அழ வேண்டும் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. போர்க்காலத்தில் மடுவிலும் பேசாலையிலும் சனங்கள் ஒதுங்கிய இடமும் கோயில்தான், கூட்டாக அழுவதற்கு வார்த்தை தந்ததும் அதுதான். ஆயினும் பதினெட்டு வயதுப் பிள்ளை தன் சொந்த இழப்பைத் தன் சொந்தச் சொல்லில், தானும் நாலு கூட்டாளிகளும் கண்டுபிடித்த ஓசையில் பாட அங்கே இடமில்லை. நோர்வேயின் நகரசபை இசைப்பள்ளி வாத்தியத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பிள்ளை அதை வைத்து என்ன செய்தது என்று கேட்கவில்லை. குழு என்ற வடிவம் இந்த இரண்டாம் வகை நிறுவனத்தின் குழந்தை.

இதைவிட எளிய விளக்கம் உண்டே, போரும் வறுமையும் மின்சாரமில்லாமையும் போதாதா என்று கேட்கலாம். பாதி உண்மை. பற்றரியே கிடைக்காத இடத்தில் ஒலிபெருக்கியை எங்கே மாட்டுவது? ஆனால் அதே பொருளாதாரத் தடைக்குள்ளேயே வடக்கில் மின்வாத்தியங்களோடு பாட்டுக்கள் பதியப்பட்டுக் கசெற்றுகளாகப் பரவின. விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் அவற்றை வெளியிட்டது. புதுவை இரத்தினதுரை எழுத, கண்ணன் இசையமைக்க, சாந்தன் போன்றோர் பாடினார்கள். ஜெனரேற்றரும் பதிவுக்கூடமும் வாத்தியக்காரரும் ஓர் அமைப்பு வேண்டுமென்று நினைத்தபோது கிடைத்தன. அந்த அமைப்புக்கும் பாட்டின் பொருள் முன்கூட்டியே தெரிந்திருந்தது. தனிமனிதச் சோர்வையும் நம்பிக்கையிழப்பையும் பாட அது கசெற் செலவழித்திருக்காது. ஆகவே போர் இசையைத் தடுத்துவிட்டது என்பதைக் காட்டிலும், போர்க்காலத்தில் அறையின் சாவி யார் கையில் இருந்ததோ அவர் கேட்ட பாட்டே பிறந்தது என்பது சான்றுக்கு நெருக்கமான கூற்று. வறுமை பற்றிய வாதத்துக்கு பேர்மிங்ஹாமே பதில். பிளாக் சபத் பிள்ளைகள் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சம்பளம் தந்த தொழிற்சாலையும் வாசிக்க இடம் தந்த மதுச்சாலையும் இருந்தன. அறையைத் திறப்பது அரசாக இருக்க வேண்டியதில்லை. யாராவது திறக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு பண்பாட்டின் பெயரால் வரும்: இது வெள்ளைக்காரர் இரைச்சல், தமிழ்ச் செவிக்கு ஒவ்வாதது, எனவே மன்னாரில் முளைக்காததில் ஆச்சரியம் இல்லை என்று. இதற்குச் சிங்கப்பூர் பதில் சொல்கிறது. கதிரேசன், சிவா, பாலா என்ற தமிழ் இளைஞர்கள் அங்கே 1992இல் ருத்ரா குழுவைத் தொடங்கினார்கள். த தேர்ட் அன்ட் த மோர்ட்டல் தொடங்கிய அதே ஆண்டு. 1994இல் மாதிரி ஒலிநாடா, 1996இல் கலைப்பும் மறுகூடலும், 1998இல் முதல் தொகுப்பு என்று அதன் தொடக்க வரலாறு ஏறக்குறைய எந்த நோர்வே குழுவின் வரலாற்றையும் ஒத்தது. அவர்கள் வாசித்தது டூம் அன்று, டெத் மெற்றல். வேதாந்தச் சுலோகங்களை அதற்குள் கொண்டுவந்து வேதிக் மெற்றல் என்று பெயரிட்டார்கள். சிங்கப்பூர்த் தென்னிந்தியரின் அடையாளம் பற்றிய பல்கலைக்கழக ஆய்வுக்கும் அந்தக் குழு பொருளாகியிருக்கிறது. தமிழனின் காதும் தொண்டையும் மெற்றலுக்கு ஒத்துவராது என்பதற்கு இதற்கு மேல் பதில் வேண்டாம். இலங்கைக்குள்ளேயே பார்த்தாலும் கொழும்பில் ஸ்ரிக்மாட்டா போன்ற குழுக்கள் 1990களின் இறுதியில் எழுந்தன. அதற்கு ஒரு தலைமுறை முன்பு, போர் தொடங்குமுன், நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரோடு தமிழ்ப் பொப் பாட்டை நாடெங்கும் கொண்டுபோனார்கள். நம் செவி புதிய ஓசையை மறுத்த செவி அன்று. மன்னாரும் மூலையில் கிடந்த ஊர் அன்று: 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது, சென்னையில் ஏறியவன் கொழும்பில் இறங்க இந்தக் கரையைத் தொட்டே போனான்.

பெண் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடக்க முடியாது, ஏனென்றால் நோர்வே டூம் இசையின் தனிப்பேறு என்று இன்று நினைக்கப்படுவது அதுதான். பரடைஸ் லொஸ்ற் 1991இலேயே ஒரு பெண் குரலைத் துணையாகச் சேர்த்திருந்தது. நோர்வேக்காரர் அதை முன்னணிக்குக் கொண்டுவந்தார்கள். ஃபியூனரலின் முதல் தொகுப்பில் டோரில் ஸ்னியென், பின்னர் ஸ்ராவங்கரின் ட்ரிஸ்தானியா குழுவில் விபேகே ஸ்டேனே என்று வரிசை நீள்கிறது. பயிற்சி பெற்ற பாடகிகள் கிடைக்கும் நாட்டில்தான் இது நடக்கும். மன்னாரில் துயரத்தின் மிகத் தேர்ந்த குரல் பெண்ணுடையது. ஒப்பாரியில் இறந்தவனின் தொழில், உறவு, செய்த நன்மை எல்லாவற்றையும் அந்தக் கணத்திலேயே பாட்டாக்கிச் சொல்லும் திறமை எந்த இசைப்பள்ளியும் தராதது. ஆனால் அந்தக் குரல் சாவீட்டு முற்றத்தைத் தாண்டவில்லை. கூத்து மேடையில் பெண் வேடத்தைப் பழைய வழக்கப்படி ஆண்களே கட்டினார்கள். ட்ராமன் நகரம் தேடிக் கண்டுபிடித்ததை மன்னார் கையில் வைத்துக்கொண்டே மேடைக்கு வெளியே நிறுத்தியது. இந்த இடத்தில் நம் மரபைப் புகழ்ந்துகொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கப்படலாம்: மன்னாருக்கு டூம் மெற்றல் குழு எதற்கு? தேவையில்லைதான், நோர்வேயின் வடிவத்தை இங்கே நட வேண்டுமென்று இந்தக் கட்டுரை கேட்கவில்லை. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதை நெருங்குகிறார்கள். அவர்களுடைய வீடுகளில் காணாமல்போனவர்களின் படங்கள் தொங்குகின்றன. அந்த இழப்பைப் பற்றி அவர்கள் எந்த வடிவத்தில் பாடுவார்கள் என்பது நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கிற்றாரா, உடுக்கா, ஒப்பாரியா, மூன்றும் சேர்ந்த வேறொன்றா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். மன்னார்க் கரையில் பங்கு மண்டபங்களும் பள்ளிக்கூட மண்டபங்களும் உண்டு. தவக்காலமும் திருநாளும் கழிந்த மாதங்களில் அவற்றில் ஒன்றையாவது வாரத்தில் இரண்டு மாலை, ஓர் ஒலிபெருக்கியோடும் ஒரு ட்ரம்ஸோடும், என்ன பாடுகிறீர்கள் என்று கேட்காமல் இளைஞர்களுக்குத் திறந்துவிடும்படி மன்னார் நகரசபையையும் மறைமாவட்டத்தையும் கேட்டுக்கொள்கிறேன். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து.